பாலிஅமைனை விடுங்கள், ரத்தசோகையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 56 வயது, ஆண். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெருங்குடலில் ஒரு சிறிய பாலிப்பை (குடல் சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) அகற்றினார்கள். முதுமையைத் தள்ளிப்போடும் என்று எட்டு மாதம் ஸ்பெர்மிடின் மாத்திரை சாப்பிட்டேன். ஸ்பெர்மிடின் சேர்ந்த பாலிஅமைன்கள் என்ற வேதிப்பொருள்கள் புற்றுநோயை வளர்க்கும் என்று இணையத்தில் படித்ததும், மாத்திரையோடு, அவை அதிகமுள்ள காளான், சோயா, சீஸ் எல்லாவற்றையும் ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன். சிறுநீரில் பாலிஅமைன் அளவைப் பரிசோதிக்கலாமா? வாயுத் தொல்லை உண்டு, முடி கொட்டுகிறது, அசதியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 10.2. உணவைக் குறைத்ததால் இருக்கும் என்று நானே இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன்.

பதில்: போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஹீமோகுளோபின் 10.2 என்று, அது ரத்தசோகை, எனக்குக் கவலை தருவது அதுதான். ஆணின் உடலில் சுமார் ஒரு கிராம் இரும்பு சேமிப்பாக இருக்கும். அன்றாடம் இழப்பது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். ஒரு மாதம் காளானையும் சோயாவையும் விட்டதால் அந்தச் சேமிப்பு தீராது. உங்கள் வயதில் ஓர் ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்திருந்தால், இரைப்பையிலோ குடலிலோ ரத்தம் கசிகிறது என்று எண்ணித்தான் தேட வேண்டும்.

மலத்தில் ரத்தம் தெரியவில்லை, வலியும் இல்லை என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். பெருங்குடலின் வலப்பக்கத்தில் மலம் இன்னும் இளகலாக இருக்கும், குழாயும் அகலம். அங்கே கட்டி வளர்ந்தால் அடைப்போ வலியோ இல்லாமல் மாதக்கணக்கில் கசியும். ரத்தசோகை மட்டுமே அடையாளமாக இருக்கலாம். நீங்களாக விழுங்கும் இரும்பு மாத்திரை இந்த அடையாளத்தையும் அழிக்கிறது. கசிவு தொடரும்போதே ஹீமோகுளோபின் ஏறி, சரியாகிவிட்டது என்று நம்ப வைக்கும். மலத்தையும் கறுப்பாக்கும் என்பதால் உண்மையான ரத்தக்கசிவு கண்ணுக்குத் தப்பும். காரணம் தெரியாமல் இரும்பு சாப்பிடாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினின் செறிவு, கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்க வேண்டும், உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். இரும்புக்குறைவு உறுதியானால் கேமரா குழாயால் இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இரண்டும் தேவை. கொலோனோஸ்கோபிக்கு ஏழு நாள் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கறுப்புப் படிவு குடல் சுவரை மறைத்துவிடும். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிடும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய பாலிப் அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஒன்றிரண்டு சாதாரண அடினோமாவுக்கு (புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகை) அடுத்த பரிசோதனை 7 முதல் 10 ஆண்டுகளில் போதும் என்பார்கள். அந்தக் கணக்கு அறிகுறி இல்லாதவர்களுக்கு. ரத்தசோகை வந்தபின் அதைச் சொல்லிக் காத்திருக்கக் கூடாது.

மலம் தார் போல் ஒட்டி, கடும் நாற்றத்துடன் போனாலோ, எழுந்து நின்றால் தலைசுற்றினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இனி பாலிஅமைன். புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் மூன்றையும் உங்கள் செல்கள் தாமே தயாரிக்கின்றன. இவை இல்லாமல் செல் வளராது, பிரியாது. புரதம் தயாரிக்கத் தேவையான ஒரு காரணியைச் செயல்பட வைப்பதே ஸ்பெர்மிடின்தான். உற்பத்தியின் கடிவாளம் ஆர்னிதைன் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி. பாலிஅமைன் கூடினால் ஆன்டிசைம் என்ற புரதம் உருவாகி அந்த நொதியைச் சிதைவுக்கு அனுப்பிவிடும். பெருங்குடல் பாலிப்பில், செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஏ.பி.சி. மரபணு பழுதாகி, பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணு கட்டுமீறி, அந்த நொதி அளவுக்கு மேல் உற்பத்தியாகிறது. கோளாறு செல்லுக்குள் தொடங்குகிறது, உங்கள் தட்டில் அல்ல.

நீங்கள் படித்த பயமுறுத்தலின் வேர் 2008இல் வெளியான ஓர் ஆய்வாக இருக்கலாம். அந்த நொதியைத் தடுக்கும் எஃப்ளோர்னிதின் மருந்தை, சுலின்டாக் என்ற வலி மருந்துடன் மூன்றாண்டு கொடுத்தபோது, பாலிப் மீண்டும் வந்தவர்கள் 41 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தார்கள். அது மருந்தின் விளைவு. காளானைத் தவிர்த்ததால் வந்ததல்ல. எஃப்ளோர்னிதின் செவித்திறனைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் அதை நீங்களாகத் தேடிப் போகவும் வேண்டாம்.

வழக்கமான உணவுக்குத் திரும்புங்கள். ஸ்பெர்மிடின் மாத்திரையை நிறுத்தியது சரி, மறுபடி தொடங்க வேண்டாம். அதனால் ஆயுள் நீண்டது ஈஸ்டிலும் பூச்சிகளிலும் எலிகளிலும்தான். முதியவர்களுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்த, 2022இல் வெளியான சோதனையில் நினைவாற்றல் கூடவில்லை. பாலிப் வந்தவருக்கு அது நீண்டகாலத்தில் பாதுகாப்பானதா என்பதும் நிறுவப்படவில்லை. சாப்பிட்ட எட்டு மாதத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிறுநீர்ப் பரிசோதனை வீண். செல்கள் வேகமாகப் பெருகும், அழியும் எந்த நிலையிலும் அந்த அளவு ஏறும். புற்றுநோயைப் பிரித்துக் காட்டாது. வாயுவுக்கு எதுவும் செய்ய வேண்டாம். முடி கொட்டுவதும் அசதியும் இரும்புக்குறைவாலேயே வரக்கூடியவை. காரணம் கண்டுபிடித்த பிறகு, ஹீமோகுளோபின் சரியானாலும் மேலும் மூன்று மாதம் இரும்பு மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும். சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் ஆகும்.