நியூட்டனில் ஒரு வீடு: கடிதமும் பதிலும்

வணக்கம் அம்மா,

அமெரிக்காவில், ஐயோவா மாநிலத்து டி மாய்னில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஐடி வேலை பார்க்கிறேன், ஐந்து வருடமாக. (பேரிலேயே ‘ஐயோ’ இருக்கிற ஐயோவாவுக்கு ஏன்டா போகிறாய் என்று அப்பா அப்போதே கேட்டார்!) மகள் வீட்டுக்கு வந்து நியூட்டனில் சில மாதம் தங்கியிருந்ததாக நீங்கள் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதே ஊரில் இப்போது ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. மூன்று பெட்ரூம், பேஸ்மெண்ட், பெரிய தோட்டம். இங்கே கேட்கிற விலைக்கு முன்னால் கொள்ளை மலிவு. ஆனால் நண்பர்கள் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். மேடேக் என்கிற வாஷிங் மெஷின் கம்பெனி மூடியதோடு அது செத்த ஊராம். பிழைக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கே கிளம்பிவிட்டார்களாம், மிச்சம் இருப்பது சோம்பேறிகள்தானாம். நேரில் போய்ப் பார்த்தேன். கோர்ட் கட்டடத்தைச் சுற்றியுள்ள கடைவீதியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு ஆள் இல்லை. வாங்கலாமா? ஸ்கூல் எப்படி? நம் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா?

ச.

அன்புள்ள ச. தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அதே வாரம் என் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனது. வாங்கி ஆறு வருடம்கூட ஆகவில்லை. வந்த பையன் மூடியைக்கூடத் திறக்கவில்லை, ஏதோ ஒரு பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, “போர்டு போயிடுச்சும்மா, மாத்துறதுக்குப் புதுசே வாங்கிடலாம்” என்றான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவன் போனபிறகு நான் நியூட்டனையும் அங்கே எதிர்வீட்டில் இருந்த ஒரு மனிதரையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பார்த்தால் உங்கள் மெயில்.

ஸ்கூலைப் பற்றி எனக்குத் தெரியாது, என் பேத்தி அங்கே இருந்தபோது அவளுக்குத் தலையே நிற்கவில்லை. நம் ஆட்கள் இருக்கிறார்களா என்பதற்கும் பதில் சொல்லப்போவதில்லை. ஐயோவா ஜோக் பழசு, அப்பாவிடம் சொல்லுங்கள்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை மதியம் மிட்வெஸ்டில் ஒரு சின்ன ஊரின் கடைவீதிக்குப் போய் ஆள் இல்லை என்கிறீர்களே, என்ன நினைத்துக்கொண்டு போனீர்கள்? சர்ச் முடிந்து சாப்பிட்டுவிட்டு வீட்டில் இருப்பார்கள். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஹைஸ்கூல் ஃபுட்பால் மைதானத்துக்குப் போங்கள். அக்டோபரில் மக்காச்சோளம் அறுக்கும்போது எலிவேட்டர் வாசலில், அதாவது தானியக் கிடங்கில், வண்டிகள் வரிசை கட்டி நிற்பதைப் பாருங்கள். ஆள் இருக்கிறார்கள். நீங்கள் போன நேரம் சரியில்லை.

2010 டிசம்பரில் நான் போனேன். மருமகனுக்கு டி மாய்னில் வேலை, வாடகை குறைவு என்று நியூட்டனில் வீடு எடுத்திருந்தார்கள். தினமும் 35 மைல் போக, 35 மைல் வர. மகளுக்குப் பிரசவமாகி நாலாவது வாரம். பழந்துணி கிழித்துத்தான் குழந்தைக்குக் கட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதால் துணி மலை மாதிரி சேரும். ஒருநாள் வாஷிங் மெஷின் உர்ரென்று சத்தம் போட்டு, ரப்பர் கருகும் வாடையோடு நின்றது. வீட்டுக்காரர் விட்டுவிட்டுப்போன பழைய மேடேக். வெளியே முழங்கால் உயரப் பனி. மகள் எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

வந்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கையில் ஒரு தகர டப்பா. மெஷினைத் திறப்பதற்கு முன்னால் மூடி மேல் உள்ளங்கையை வைத்து, மகளை ஒரு விநாடி சுவிட்சைப் போடச் சொன்னார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி. பெல்ட் என்றார். சாய்த்துப் பார்த்தால் பெல்ட்தான். அந்த மெஷினின் அந்தப் பகுதியை அவர் 29 வருடம் பூட்டியிருக்கிறார், அதே ஊரில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். பணம் வாங்கவில்லை. காபி குடித்தார், சர்க்கரை அதிகம் என்று முகம் சுளித்தார், ஆனாலும் முழுசாகக் குடித்தார்.

அப்புறம் அடிக்கடி வந்தார். மகள் மொழிபெயர்க்க, பாதி எனக்கே புரிய, அந்தக் கம்பெனியின் கதையை ஏதோ சொந்தக் குடும்பக் கதை மாதிரி சொல்வார். 1893ல் ஃபிரெட் மேடேக்கும் கூட்டாளிகளும் ஆரம்பித்தது கதிரடிக்கும் மெஷினுக்கான இணைப்புக் கருவி செய்யத்தான். கதிர்க்கட்டின் கயிற்றை அறுத்துக் கதிரைத் தானாக உள்ளே தள்ளும் கருவி. அதற்கு முன் கையால் தள்ளியவர்களுக்குக் கையே போகும் ஆபத்து இருந்தது. ஆனால் அறுவடை முடிந்தபிறகு அதை யார் வாங்குவார்கள்? குளிர்காலத்தில் பட்டறை சும்மா கிடக்கக் கூடாது என்று 1907ல் மரத்தொட்டி வைத்த துணி துவைக்கும் மெஷினைப் போட்டார்கள். ஊரே வாழ்ந்த தொழில், ஓய்வு மாதங்களை நிரப்ப வந்த உபதொழில்! கரண்ட் எட்டாத பண்ணைவீடுகளுக்கு பெட்ரோல் எஞ்சின் வைத்த மெஷின்கூட செய்தார்களாம், புகைக்கு ஒரு குழாயை வீட்டுக்கு வெளியே நீட்டிவிட வேண்டும். 1922ல் தொட்டிக்கு அடியில் துடுப்பு வைத்து, தண்ணீரைத் துணிக்குள் தள்ளுகிற மாதிரி மாற்றினார்கள். அதிலிருந்துதான் ஏற்றம்.

எல்லாம் இனிப்பு இல்லை. 1938ல் பத்து சதவீதம் சம்பளத்தை வெட்டியபோது வேலைநிறுத்தம், கவர்னர் தேசிய காவல் படையை அனுப்பினார், கடைசியில் வெட்டிய சம்பளத்துக்கே திரும்பிப் போனார்கள். எதிர்வீட்டுக்காரரின் அப்பா அப்போது 23 வயதுப் பையனாம். துப்பாக்கி பிடித்து நின்றவர்களும் பக்கத்துப் பண்ணைப் பையன்கள் மாதிரியேதான் இருந்தார்கள் என்று அப்பா சொல்வாராம்.

2006ல் மேடேக்கை வேர்ல்பூல் என்ற போட்டிக் கம்பெனி வாங்கியது. அந்த மே மாதமே நியூட்டன், இல்லினாயில் ஹெரின், ஆர்க்கன்சாவில் சியர்சி என மூன்று ஊர் ஆலைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். 2007 அக்டோபரில் நியூட்டனின் கடைசி மெஷின் வெளியே வந்தது. இவர் மனைவிக்கும் அதே கம்பெனியில் ஆபீஸ் வேலை. ஒரே வீட்டில் இரண்டு சம்பளமும் போயின.

இப்போது உங்கள் நண்பர்களுக்கு வருகிறேன். பிழைக்கத் தெரிந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்றார்களாம். எனக்கு இந்தச் சொல்லே ஆகாது. நம் ஊரில் யாரைப் ‘பிழைக்கத் தெரிந்தவன்’ என்பார்கள், யோசியுங்கள். யாரும் அதை முழுப் பாராட்டாகச் சொல்லிக் கேட்டதில்லை. சரி, கிளம்புவது என்றால் என்ன? உங்களுக்கு அது இரண்டு சூட்கேஸ். வீட்டை விற்றுவிட்டுத்தானே அவர் போக வேண்டும்? ஊரில் பாதிப் பேர் ஒரே வருடத்தில் வீட்டை விற்க நின்றால் யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு? முப்பது வருடம் கடன் கட்டிச் சேர்த்த ஒரே சொத்து அது. கொள்ளை மலிவு என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அந்தக் கொள்ளையில் பறிபோனது யாருடையது?

வீட்டை விடுங்கள். அவர் மாமியார் அதே ஊரில் நர்ஸிங் ஹோமில். பையன் ஹைஸ்கூல் கடைசி வருடம். ஐம்பத்தெட்டு வயதில் எந்த ஊர் கம்பெனி இவருக்குக் கதவு திறந்து வைத்திருந்தது? சுற்று வட்டாரத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டே ஷிஃப்டுக்கு வந்தவர்களும் உண்டு, சம்பளத்துக்காக மட்டும் இல்லை, குடும்பத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் கிடைக்குமே என்று. அவர்கள் நிலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டா கிளம்புவார்கள்? இவர் டி மாய்ன் பக்கம் ஒரு கிடங்கில் ராத்திரி வேலைக்குப் போனார், பாதிச் சம்பளம், மூன்று வருடம். சோம்பேறி!

நான் விடியற்காலையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். பனி கொட்டிய நாட்களில் அஞ்சு மணிக்கே எதிரே வெளிச்சம் வரும். பனி தள்ளும் மெஷினோடு வெளியே வருவார். தன் வாசல், பக்கத்துக் கிழவி வாசல், எங்கள் வாசல், இன்னும் ஒரு வீடு. ஏன் இப்படி என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். முதல் ஷிஃப்டுக்கு எழுந்த பழக்கம், இன்னமும் மூன்றரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது, முழித்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்றாராம். கம்பெனி போய்விட்டது, அது வைத்த அலாரம் மட்டும் அவர் உடம்புக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கும் ரிட்டயர் ஆகி அப்போது இரண்டு வருடம். காலை எட்டே காலுக்குக் கை தானாக ஹேண்ட்பேக்கைத் தேடும். யாரிடமும் சொன்னதில்லை.

கம்பெனி போனது நிஜம். காற்றாலை இறக்கை செய்யும் ஆலை 2008ல் வந்தது, அதுவும் 2021 இறுதியில் நின்றது. பழைய மேடேக் கட்டடத்தில் காற்றாலைத் தூண் செய்தார்கள், 2009 ஏப்ரலில் ஒபாமாவே அங்கே வந்து பேசினார். கார் பந்தய மைதானம் இருக்கிறது. பதினைந்தாயிரம் பேருக்கு மேல் அங்கே எழுந்து, பல் தேய்த்து, வேலைக்குப் போகிறார்கள். உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் நாளைக்கு ஒருவர் வாங்கலாம். அன்றைக்கு உங்கள் நண்பர்களைப் பற்றி யாராவது இப்படிப் பேசினால் எனக்கு எழுதுங்கள், அவர்களையும் திட்டுகிறேன்.

அந்த மனிதர் மூன்று வருடத்துக்கு முன் போய்விட்டார். மகள்தான் சொன்னாள். என் புது மெஷின் நேற்று வந்தது, சத்தமே இல்லை, முடிந்ததும் ஒரு பாட்டுப் பாடுகிறது. ஓடும்போது மூடி மேல் கையை வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? மார்ச்சில் பனி உருகும்போது இன்னொரு தடவை போய் பேஸ்மெண்ட் சுவரின் அடியில் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா