200 சிசிக்கு மேல் ஓட்ட உரிமம் இல்லாதவருக்கு மோட்டார் சைக்கிளில் சுகம் உண்டா?

சிங்கப்பூரில் வேலை பார்ப்பதாகவும், கையில் 2பி உரிமம் மட்டுமே இருப்பதாகவும், 2ஏ எடுக்கும் வரை சின்ன வண்டியை ஓட்டிப் பொழுதைக் கழிக்க வேண்டுமா, அதிலும் ஏதேனும் சுகம் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நானும் அங்கே சில ஆண்டுகள் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருந்து, 2பி உரிமத்துடனேயே ஊர் திரும்பியவன் என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். உங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு, மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி ஊருக்குப் போய்விடுகிறது என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நம் ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே 2பி என்றால் 200 சிசி வரை, 2ஏ என்றால் 400 வரை, அதற்கு மேல் 2ஆம் வகுப்பு. ஒரு வகுப்பில் ஓராண்டு இருந்த பிறகுதான் அடுத்ததற்குப் போக முடியும். நம் நாட்டிலோ 18 வயதாகிக் கியர் வண்டி உரிமம் பெற்றுவிட்டால் போதும். நூறு சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டியவர் மறுநாளே ஆயிரம் சிசி வண்டியில் ஏறினாலும் சட்டம் அவரைத் தடுப்பதில்லை. 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத வண்டி ஓட்டலாம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது என்றாலும், அப்படி ஒரு புதிய பெட்ரோல் வண்டியைக் கடையில் தேடினால் கிடைப்பதில்லை. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கூட 99.7 சிசி. சட்டம் வைத்திருக்கும் முதல் படி கடைத்தெருவில் இல்லாமல் போனதன் விளைவைக் காரைக்குடியில் பள்ளி விடும் நேரத்தில் சாலையோரம் நின்றால் பார்க்கலாம். மீசை முளைக்காத பிள்ளைகள் மூன்று பேராக 200 சிசி வண்டியில் பறக்கிறார்கள். பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்வது அந்தப் பெற்றோருக்குத் தெரியுமா என்பது எனக்கு விளங்கவில்லை. ஆகவே சிங்கப்பூர் விதியை நான் குறை சொல்ல மாட்டேன்.

அங்கே நான் வைத்திருந்தது, மலாய்க்காரர்கள் கப்சாய் என்று அழைக்கும் சின்ன வண்டி வகையைச் சேர்ந்த, பலர் கை மாறி வந்த ஒரு 125 சிசி வண்டி. ஞாயிறு விடிகாலையில் பழைய அப்பர் தாம்சன் சாலைக்குப் போவேன். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரி பந்தயம் நடந்த பாதையில் அந்தச் சாலையும் ஒரு பகுதி. இப்போது இருபுறமும் காடு, நடுவில் வளைவுகள், குறுக்கே ஓடும் குரங்குகள், மழை பெய்திருந்தால் ஈர இலைகள். வேக வரம்பை மீறாமலேயே அந்த வளைவுகளில் என் வண்டி தன் முழுத் திறனையும் காட்ட வேண்டியிருக்கும். வளைவுக்கு முன்பே மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கி, இன்ஜின் சத்தம் ஏறுவதைக் காதால் கேட்டு, பிரேக்கைத் தொடாமல் நுழைந்து, வெளியேறும் இடம் கண்ணில் பட்டதும் ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை முறுக்கிவிடலாம். சின்ன இன்ஜினில் இழந்த வேகத்தை மீட்க நேரமாகும் என்பதால், அதை இழக்காமல் ஓட்டுவது எப்படி என்று கண்ணும் கையும் தாமாகவே பழகிக்கொள்கின்றன. கூட வந்த நண்பரிடம் 400 சிசி வண்டி இருந்தது. தேநீர் குடிக்க நிற்கும்போதெல்லாம், இந்தச் சாலையில் தனக்கு மூன்றாம் கியருக்கே வேலை வரவில்லை என்று அவர் அலுத்துக்கொள்வார். பெரிய வண்டியை அதன் இயல்பில் ஓட்டிப் பார்க்க அவர் மலேசியாவின் நெடுஞ்சாலைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

என்னைச் சுட்ட விஷயம் ஊர் திரும்பிய பிறகுதான் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவன் புல்லட் வாங்குவான் என்பது எங்கள் பக்கத்தில் எழுதப்படாத விதி. நான் 97.2 சிசி ஸ்பிளெண்டர் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தியதும், என் மனைவியின் தம்பி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னத்தான், சிங்கப்பூர்ல சம்பாதிச்சு பால்காரர் வண்டியா வாங்கியிருக்கீக?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டார். கையில் பணம் இல்லாமல்தான் சின்ன வண்டியைப் புகழ்கிறேன் என்று இதைப் படிக்கும் சிலரும் நினைக்கக்கூடும். பணம் இருந்தது, வேண்டாம் என்றுதான் வாங்கவில்லை. பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் மீது எனக்குப் பகையும் கிடையாது.

நான் ஓட்டும் சாலைகளைச் சொன்னால் காரணம் புரியும். பள்ளத்தூர், கொத்தமங்கலம், கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று ஊர் விட்டு ஊர் போகும் சாலைகளில் பல இடங்களில் இருபுறமும் சீமைக்கருவேலம் சாலைக்குள் நீண்டு கிடக்கும், ஓரத்தில் சரளை சிதறியிருக்கும், ஊருணிக் கரையில் திரும்பினால் எதிரே ஆட்டுக்கூட்டம் வரும். வீட்டுக்கு வந்தால் வாசலில் படிகள். பலகையைச் சாய்த்து வைத்து அதன் மேல் வண்டியை ஏற்றித்தான் உள்ளே கொண்டு போக வேண்டும். 112 கிலோ ஸ்பிளெண்டரை நான் ஒருவனே ஏற்றிவிடுவேன். மைத்துனரின் 195 கிலோ கிளாசிக் 350-க்கு அவர் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஒரு தைப்பூசத்துக்கு என் மாமனார் பழனிக்கு நடந்து புறப்பட்டபோது மாத்திரைப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டார். நானும் மைத்துனரும் ஆளுக்கொரு வண்டியில் புறப்பட்டோம். குன்றக்குடி தாண்டியதும் சாலை முழுவதும் நடையாளிகள், காவடிகள். நடக்கிறவர்கள் வேகத்தில்தான் வண்டியும் நகர வேண்டும். கிளட்சைப் பிடித்துப் பிடித்து மைத்துனரின் கை வலித்தது, இன்ஜின் சூட்டில் கால் வெந்தது. ஒரு தண்ணீர்ப் பந்தல் அருகே வண்டியை நிறுத்திவிட்டு, "நீங்க போங்கத்தான், நான் பின்னாடி வர்றேன்" என்றார். மாமனாரைத் தேடிப் பிடித்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு நான் திரும்பியபோதும் அவர் அதே பந்தலில்தான் இருந்தார். இதற்குப் பிறகு அவர் மனம் மாறிவிட்டதாக எண்ண வேண்டாம். இன்றும் அது பால்காரர் வண்டிதான்.

சின்ன வண்டியின் குறைகளையும் நான் மறைக்கவில்லை. திருச்சி சாலையில் பேருந்தை முந்த வேண்டுமானால் எனக்கு நீண்ட வெற்றிடம் தேவைப்படுகிறது; கிடைக்காவிட்டால் பின்னாலேயே போகிறேன். சிங்கப்பூர் விரைவுச்சாலையில் லாரி கடந்து போகும்போது எழும் காற்று இலகுவான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினால் வேகம் குறையும். இவற்றைத் தாங்க முடியாதவர் 2ஏ எடுத்துவிடுவதே நல்லது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் கூடுதல் சக்திக்காகச் செலவழிக்காமல், நல்ல டயர் இரண்டு போட்டு, செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, காற்றழுத்தத்தை வாரந்தோறும் பார்ப்பேன். சின்ன இன்ஜினின் சக்தியில் கொஞ்சம் வீணானாலும் ஓட்டும்போது உடனே தெரிந்துவிடும். வாரத்தில் ஒரு நாள்தான் ஓட்டுவீர்கள் என்றால் 150 சிசியே தாராளம். ஓராண்டு முடிந்ததும் 2ஏ தேவையா என்று முடிவு செய்யுங்கள். அதுவரை நண்பரின் 400 சிசி வண்டியை ஒரு சுற்று என்று கூட வாங்கி ஓட்டாதீர்கள். உங்கள் உரிமத்தில் அடங்காத வண்டியில் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது, வேலை அனுமதியும் ஆபத்தில் சிக்கும். பழைய வண்டி வாங்குவதானால் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்பே, சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழில் (சிஓஇ) இன்னும் எத்தனை ஆண்டு மீதம் என்று பாருங்கள். அது பத்தாண்டுக்குத்தான் செல்லும், 2022இல் மோட்டார் சைக்கிளுக்கான சான்றிதழ் மட்டுமே பத்தாயிரம் சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை) தாண்டிப் போனது; விற்பவர் சொல்லும் விலையில் பெரும்பகுதி அந்த மீதி ஆண்டுகளுக்கானதுதான்.