புது டிவி, பழைய ஹோம் தியேட்டர்: சவுண்ட்பார் வாங்கத்தான் வேண்டுமா?

காரைக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: "50 அங்குல ஸ்மார்ட் டிவி வாங்கியிருக்கிறோம். படம் பிரமாதம். ஆனால் வசனம் புரியவில்லை. சத்தத்தைக் கூட்டினால் பாட்டும் விளம்பரமும் காதைக் கிழிக்கின்றன. வீட்டில் பழைய டிவிடி ஹோம் தியேட்டர் நன்றாகவே ஓடுகிறது. அதில் சிவப்பு, வெள்ளை பின் சொருகும் இடம்தான் இருக்கிறது. டிவியின் பின்னால் ஆப்டிகல், எச்டிஎம்ஐ என்று என்னென்னவோ இருக்கின்றன, இயர்போன் ஓட்டை மட்டும் இல்லை. கடைக்காரர் பழையதைக் கழித்துவிட்டு சவுண்ட்பார் வாங்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?"

வாங்காதீர்கள். ஓடுகிற செட்டைக் கழிக்க எந்தக் காரணமும் இல்லை. ஒரு சின்ன கன்வெர்ட்டர், ஒரு ஆப்டிகல் கேபிள், டிவி மெனுவில் ஒரு மாற்றம், அவ்வளவுதான். ஆயிரம் ரூபாயை ஒட்டி முடிகிற வேலை இது.

முதலில் ஒரு ஆறுதல்: கோளாறு உங்கள் காதில் இல்லை. டிவி மெலிய மெலிய, ஸ்பீக்கருக்கு இருந்த இடம் போய்விட்டது. இப்போது உள்ளே இருப்பவை பொடிப்பொடி ஸ்பீக்கர்கள். அவையும் பெரும்பாலும் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கின்றன. குரல் நேராக உங்களிடம் வராமல் மேஜையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வருகிறது. பழைய டப்பா டிவியில் ஸ்பீக்கர் உங்களைப் பார்த்து இருந்தது. அதற்குமேல் ரகசியம் எதுவும் கிடையாது.

சரி, இணைப்புக்கு வருவோம். ஆப்டிகல் என்பது ஒலியை வெளிச்சமாக அனுப்புகிற வழி. 1983-இல் டோஷிபா நிறுவனம் தன் சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்தது. டிவியை ஆன் செய்துவிட்டு அந்தச் சதுர ஓட்டையைப் பாருங்கள், சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரியும். உங்கள் ஹோம் தியேட்டருக்கு அந்த மொழி தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்கத்தான் கன்வெர்ட்டர். ஒரு பக்கம் ஆப்டிகல் கேபிள் சொருக வேண்டும். மறுபக்கத்திலிருந்து சிவப்பு வெள்ளை கேபிளை எடுத்து ஹோம் தியேட்டரில் 'ஆக்ஸ்' என்று எழுதிய இடத்தில் கொடுக்க வேண்டும். கன்வெர்ட்டருக்கு மின்சாரம் பெரும்பாலும் யுஎஸ்பி வழியாகத்தான். டிவியின் யுஎஸ்பி ஓட்டையிலேயே சொருகிவிட்டால் பெரும்பாலான டிவிகளில் டிவியோடு சேர்ந்து எரியும், சேர்ந்து அணையும்.

கடையில் கவனம் தேவை. சிவப்பு வெள்ளையை ஆப்டிகலாக மாற்றும் பெட்டியும் விற்கிறார்கள். பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும், வேலை நேர் எதிர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், "ஆப்டிகல் உள்ளே, சிவப்பு வெள்ளை வெளியே" என்று வாயால் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது, எச்டிஎம்ஐயிலிருந்து சிவப்பு வெள்ளைக்கு மாற்றும் 'எச்டிஎம்ஐ டு ஏவி' பெட்டி. "இதுவும் அதேதான் சார்" என்று கையில் திணிப்பார்கள். அதே இல்லை. டிவியில் உள்ள எச்டிஎம்ஐ ஓட்டைகள் வெளியிலிருந்து படத்தையும் ஒலியையும் வாங்கிக்கொள்வதற்கானவை. அவற்றில் ஏஆர்சி என்று எழுதிய ஒன்று மட்டும், 2009-இல் வந்த ஏற்பாட்டின்படி, ஒலியைத் திருப்பி வெளியே அனுப்பும். சாதாரண எச்டிஎம்ஐ டு ஏவி பெட்டியை அதில் மாட்டினால் ஒரு முனகல்கூட வராது. டிவியின் பின்னால் சிவப்பு வெள்ளை ஓட்டை இருக்கிற வீடுகளிலும் இதே கதைதான். அது பெரும்பாலும் உள்ளே வாங்கும் ஓட்டை, அதிலிருந்து சத்தம் எடுக்க முடியாது.

தங்க முலாம் பூசிய கேபிள் என்று விலை சொல்வார்கள். இரண்டு மீட்டர் தூரத்துக்குச் சாதாரண ஆப்டிகல் கேபிளே தாராளம். வெளிச்சம் போகிற வழிக்குத் தங்கம் எதற்கு? அந்தக் கேபிளின் இரு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் திணித்துவிட்டு "டிவி போர்டு போச்சு" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் ஏராளம். வருகிறவரும் மூடியைக் கழற்றிவிட்டு, போர்டைச் சரிசெய்ததாகக் காசு வாங்கிக்கொண்டு போகிறார்.

இப்போது முக்கியமான விஷயம். எல்லாம் மாட்டியும் சத்தம் வராமல் போகலாம், அல்லது 'கர்கர்' என்று இரையலாம். பயப்பட வேண்டாம். டிவி செட்டிங்ஸில் ஒலிப் பகுதிக்குப் போய், 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' என்ற இடத்தில் 'ஆட்டோ' அல்லது 'டால்பி' என்று இருப்பதை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். பிசிஎம் என்பது சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி, டால்பி என்பது பல ஸ்பீக்கருக்கான ஒலியைச் சுருக்கிக் கட்டி அனுப்பும் முறை. மலிவான கன்வெர்ட்டர்களுக்கு பிசிஎம் மட்டும்தான் புரியும். இந்த ஒரு வரியைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தெரியவில்லை. டிவி கம்பெனிகளும் சளைத்தவர்கள் இல்லை. ஆளுக்கொரு மெனு, ஆளுக்கொரு பெயர், அதுவும் நாலு படி உள்ளே. இயர்போன் ஓட்டை ஒன்றை விட்டுவைத்திருந்தால் இந்தப் பதிலே தேவைப்பட்டிருக்காது.

பிசிஎம் வேண்டாம் என்று சொல்லவேண்டிய ஒரே இடம் உண்டு. உங்களுடையது டிவிடி ஹோம் தியேட்டர் என்பதால், டார்ச் அடித்து அதன் பின்பக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்துச் சில கம்பெனி செட்டுகளில் ஆப்டிகல் ஓட்டை இருக்கும், ஒரு சின்னக் கதவு மாதிரி மூடியிருப்பதால் கண்ணில் படாது. அப்படி இருந்தால் கன்வெர்ட்டரே வேண்டாம், நேராக மாட்டலாம். டால்பியைப் பிரித்துக் கொடுக்கும் வேலையை அந்தச் செட் தானே செய்யும். அப்போது டிவியில் டால்பி என்றே வைக்க வேண்டும். பிசிஎம் வைத்தால் ஆப்டிகல் வழியாக இரண்டே சேனல்தான், அதாவது இடது வலது ஒலி மட்டும்தான் போகும், தனியாக வரவேண்டிய சென்டர் ஒலியும் பின்பக்க ஒலியும் வீண். டால்பி வைத்துச் சத்தமே வரவில்லை என்றால் அந்தச் செட்டுக்கு அது தெரியவில்லை என்று அர்த்தம், பேசாமல் பிசிஎம்முக்குத் திரும்பிவிடுங்கள். முன்பக்கம் ஒட்டியிருக்கும் டால்பி ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், பின்பக்க ஓட்டை பொய் சொல்லாது.

ஆக்ஸ் வழியாகப் போகிறவர்கள், ரிமோட்டில் 'புரோ லாஜிக்' என்று பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அழுத்துங்கள். இரண்டு சேனலாக வரும் ஒலியிலிருந்து வசனத்தைப் பெருமளவு நடு ஸ்பீக்கருக்குத் தள்ளிவிடும். அப்புறம் நடு ஸ்பீக்கரின் அளவை இரண்டு படி ஏற்றி, அடிச் சத்தம் தரும் பெட்டியான சப்வூஃபரை நன்றாகக் குறையுங்கள். வசனத்தை விழுங்குவதே அந்த 'தும் தும்'தான். சென்டர் ஸ்பீக்கரை ஷோகேஸ் உள்ளே, பொம்மைகளுக்குப் பின்னால் வைத்திருந்தால் வெளியே எடுத்து டிவிக்குக் கீழே, உங்களைப் பார்த்து வையுங்கள். மற்றவற்றைப் பரணில் ஏற்றாமல், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்கு இறக்குங்கள். பிளக்கைப் பிய்த்து வயரைப் புதிதாகச் சுற்றியிருந்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்புதானா என்று பார்த்துவிடுங்கள். முன் ஸ்பீக்கர் இரண்டில் ஒன்று தலைகீழாக இருந்தாலும் குரல் நடுவில் நிற்காது, அடிச் சத்தமும் மெலிந்துவிடும்.

டிவியின் சொந்த ஸ்பீக்கரை மெனுவில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எதிரொலி கேட்கும். ஆப்டிகலில் டிவி ரிமோட் பெரும்பாலும் சத்தத்தை மாற்றாது, ஹோம் தியேட்டர் ரிமோட்டைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். புளூடூத் கருவி வாங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம், உதடு முந்தும், குரல் பிந்தும். தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற மாதிரி செய்யும் அட்மாஸ் எல்லாம் இந்த வழியில் வராது, வசனம் புரிவதற்கு அது தேவையும் இல்லை.

ஒருவேளை எப்போதாவது சவுண்ட்பார் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அட்டையில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் பிஎம்பிஓ வாட்டைப் பார்க்காதீர்கள். அது விற்பனைக்கான எண். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கும் வாட், எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால், பின்பக்கத் தகட்டில் எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும் என்று எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். எடுப்பதைவிட அதிகமாக எந்தப் பெட்டியும் தொடர்ந்து கொடுக்க முடியாது.

விளம்பரச் சத்தத்துக்கு மட்டும் என்னிடம் பெட்டி எதுவும் இல்லை. விளம்பரம் அளவுக்கு மீறி இரையக்கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே இருக்கிறது. இருந்து என்ன செய்ய? டிவி மெனுவில் 'ஆட்டோ வால்யூம்' என்று ஒன்று இருந்தால் போட்டுப் பாருங்கள். ஆப்டிகல் வழியாகப் போகும் ஒலியைச் சில டிவிகளில் அது தொடாது. அப்படியானால் ஹோம் தியேட்டர் ரிமோட்டின் மியூட் பட்டன்தான்.