முன்பக்கத்தை மூடுங்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் பழைய ராணுவத் தொப்பி பேட்ஜ்களைப் பற்றியவை. அசலா, போலியா என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஜேக்கப்ஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளில் முப்பத்தோரு வருடம் டை, அதாவது உலோகத் தகட்டை அடித்து உருவம் ஏற்றும் அச்சு, செய்யும் வேலை பார்த்தவன் நான். அடி விழும்போது தகடு அச்சுக்குள் எப்படி உட்காரும் என்பது என் கைக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

*கேள்வி: யுத்த காலத்தில் எங்கள் தாத்தா துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழக்கடை வைத்திருந்தார். கப்பலில் வந்து இறங்கிய சோல்ஜர்கள் கொடுத்ததாக மூன்று பேட்ஜ்களை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். இரண்டு பித்தளை, கறுத்துக் கிடக்கின்றன. மூன்றாவது பழுப்பு நிறப் பிளாஸ்டிக். அது விளையாட்டுச் சாமான் என்கிறான் என் மகன். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? படம் அனுப்பியிருக்கிறேன்.*
*— வாசகி, வெருலம்*

அம்மா, புளி வேண்டாம், பிராஸோ பாலிஷும் வேண்டாம். அந்தக் கறுப்பும் இடுக்கில் இருக்கும் பச்சைக் களிம்பும்தான் உங்கள் பேட்ஜுக்குச் சாட்சி.

உங்கள் வீட்டுப் பழைய குத்துவிளக்கை எடுத்துப் பாருங்கள். வெள்ளிக்கு வெள்ளி துலக்கித் துலக்கி மேடான இடமெல்லாம் மழுங்கியிருக்கும். துணி நுழையாத இடுக்குகளில் கோடு இன்னும் கூர்மையாக இருக்கும், பழைய புளியின் கறையும் அங்கேயே தங்கியிருக்கும். சிப்பாய் தினமும் துடைத்த பேட்ஜும் அப்படித்தான் தேயும். போலி செய்கிறவர்கள் மருந்தில் முக்கிக் கறுக்க வைப்பார்கள். அதில் மேடும் பள்ளமும் ஒரே கறுப்பாக இருக்கும், தேய்மானம் தெரியாது. உங்கள் படத்தில் மான்தலை பேட்ஜின் மூக்கும் கொம்பு நுனியும் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. காதுக்குப் பின்னால் மயிர்க்கோடுகள் அப்படியே நிற்கின்றன. எனக்குப் பிடித்த அடையாளம் இதுதான். அந்த மானைச் சுற்றிய வளையத்தில் ‘ஒற்றுமையே பலம்’ என்று ஆங்கிலத்திலும் டச்சிலும் எழுதியிருக்கிறது. அது முதல் யுத்தத்தில், 1916இல் பிரான்சின் டெல்வில் வுட் காட்டுப் போரில் நின்ற நம் நாட்டுப் படை அணிந்த வடிவம். ஆப்பிரிக்கான்ஸ் இங்கே ஆட்சிமொழியானது 1925இல்தான், அதனால் டச்சு இருப்பது காலத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் எழுத்தைப் போலிக்காரனும் பார்த்து எழுதுவான். அதனால் எழுத்தை மட்டும் நம்பக்கூடாது, பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

கோயிலில் அம்மனுக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது உட்புறம் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் மூக்கு புடைத்திருந்தால் பின்னால் அதே மூக்கு குழிந்திருக்கும். சாதாரணச் சிப்பாய் அணிந்த பேட்ஜும் அப்படித்தான்: செம்பு கூடுதலாகக் கலந்த பித்தளைத் தகட்டை இரண்டு டைக்கு நடுவே வைத்து அடித்தது. முன்பக்கத்தின் மேடெல்லாம் பின்பக்கத்தில் பள்ளமாகத் தெரியும். வார்த்தெடுத்த போலியோ உற்சவர் சிலை மாதிரி திடமாக இருக்கும். அதன் பின்பக்கம் தட்டையாக, ரவை தூவியது போல் சொரசொரப்பாக இருக்கும். சின்னச் சின்னக் காற்றுக்குழிகளும் இருக்கும். விளிம்பில் அரம் போட்ட கோடு தெரியும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால், அசலை வைத்து அச்செடுத்து வார்த்தது அசலைவிட ஒரு துளி சிறியதாகவே வரும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் பிடிபட்டுவிடும்.

வார்ப்பு என்றாலே போலி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். யுத்தக் காலங்களில் இந்தியாவிலும் எகிப்திலும் கடைத்தெருக் கன்னார்கள் படைகளுக்கென்று மணலில் வார்த்துக் கொடுத்ததும் உண்டு. அவையும் அந்தக் காலத்து அசல்தான்.

இனி அந்தப் பிளாஸ்டிக். உங்கள் மகனைக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டுங்கள். இரண்டாம் யுத்தத்தில் பித்தளை தோட்டா உறைகளுக்குத் தேவைப்பட்டதால் 1942 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவம் பல படைப்பிரிவுகளுக்குப் பிளாஸ்டிக்கில் பேட்ஜ் செய்து கொடுத்தது. உங்களுடையது ராயல் எஞ்சினியர்ஸ். நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் எழுத்துப் பின்னல் இருக்கிறது. பின்னால் துணியில் குத்தி மடக்குவதற்கான இரண்டு தகட்டு நாக்குகள் உண்டு, ஒன்று உங்களுடையதில் ஒடிந்திருக்கிறது. அது பரவாயில்லை. லென்ஸ் வைத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள், செய்தவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கலாம். வால்சாலைச் சேர்ந்த ஏ. ஸ்டான்லி கம்பெனி பெயரை நானே இரண்டு மூன்றில் பார்த்திருக்கிறேன். சுடுதண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், வளைந்துவிடும்.

இன்னொரு பித்தளை பேட்ஜின் பின்பக்கப் படம் மங்கலாக இருக்கிறது. சன்னல் ஓரத்தில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி எடுத்து அனுப்புங்கள்.

*கேள்வி: சாட்ஸ்வொர்த் சந்தையில் ‘இசாண்டல்வானா 1879’ என்று அட்டை வைத்து விற்ற பேட்ஜ் வாங்கினேன். மாலை வளையத்துக்குள் ஸ்பிங்க்ஸ், கீழே சவுத் வேல்ஸ் பார்டரர்ஸைக் குறிக்கும் S.W.B. என்ற எழுத்துகள் இருக்கின்றன. நல்ல பொருளா?*
*— வாசகர், ஃபீனிக்ஸ்*

ஐயா, பேட்ஜ் அசலாகவே இருக்கலாம், அட்டைதான் பொய். 1879 ஜனவரி 22 அன்று இசாண்டல்வானாவில் ஜூலுப் படையிடம் அழிந்தது இருபத்து நான்காம் ரெஜிமென்ட். அதற்கு சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் என்ற பெயர் வந்தது 1881 ஜூலையில். அந்தப் பெயர் போட்ட எதுவும் அந்தக் குன்றடியில் கிடந்திருக்க முடியாது. கொடுத்த விலையில் கதைக்கு எவ்வளவு, பித்தளைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். விற்றவரிடம் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

*கேள்வி: பேட்ஜின் பின்னால் தொப்பியில் நுழைக்கும் ஸ்லைடர் தகட்டில் ‘கான்ட், லண்டன்’ என்று முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாமா?*
*— கல்லூரி மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

தம்பி, கூடாது. ஜே. ஆர். கான்ட் உண்மையான, பெரிய கம்பெனி, பர்மிங்ஹாமில் தொழிற்சாலை இருந்தது. அந்த நல்ல பெயராலேயே இன்று போலிகளில் அதிகம் குத்தப்படும் முத்திரையும் அதுதான். சிப்பாய்களுக்குக் கொடுத்த பேட்ஜ்களில் ஏராளமானவற்றில் எந்தப் பெயரும் இருக்காது. பெயர் இல்லாதது குறையுமில்லை.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு கடையில் கார்டன் ஹைலேண்டர்ஸ் பேட்ஜ் பார்த்தேன், ஐவி இலை மாலைக்குள் கலைமான் தலை, வெள்ளை உலோகம். பின்னால் கான்ட் பெயர். அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் நண்பர் ஒருவரின் அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. அசலில் கொம்புகளுக்கும் இலைகளுக்கும் நடுவே உள்ள வெற்றிடம் சுத்தமாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அந்த வெட்டில் பஞ்ச் இறங்கிய பளபளப்பான நேர்கோடு தெரிந்தது. என்னுடையதில் அதே இடத்தில் சுவர் சரிந்து, ஓரம் உருண்டு இருந்தது. ஸ்லைடரைச் சுற்றி ஈயப்பற்று சாம்பல் நிறத்தில் பொங்கி வழிந்திருந்தது. அசலில் பற்றவைத்த இடம் மெல்லிய மஞ்சள் கோடு, அவ்வளவுதான். தினமும் டையைத் தொட்டவன், கடையில் அதைத் திருப்பிப் பிடித்தும் பெயரை மட்டுமே படித்தேன். அந்தப் பேட்ஜை இன்னும் வைத்திருக்கிறேன். கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் அதைத்தான் முதலில் கையில் கொடுப்பேன்.

இதைவிடக் கடினமானது பழைய டையையே எடுத்துப் புதிதாக அடித்தது. அதில் பின்பக்கக் குழிவும் சரியாக இருக்கும். ஆனால் டைக்கும் வயதாகும். நுணுக்கமான கோடுகள் மங்கும். டையில் மயிரிழை விரிசல் விழுந்தால் பேட்ஜில் அது மெல்லிய மேடாக ஏறும். கோடுகள் மங்கியிருக்க, உலோகத்தில் தேய்மானமே இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள்.

*கேள்வி: மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறேன். பழைய போர்க்களங்களில் பேட்ஜ் தேடலாமா?*
*— வாசகர், லேடிஸ்மித்*

வேண்டாம். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம் 75 வருடத்துக்கு மேற்பட்ட போர்த் தொடர்புள்ள பொருள்களையும் அவை கிடக்கும் இடத்தையும் தொல்பொருளாகவே கருதுகிறது. அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். அங்கே எலும்புகளும் இருக்கின்றன ஐயா.

*கேள்வி: காந்தியின் ஆம்புலன்ஸ் படையில் எங்கள் கொள்ளுத்தாத்தா இருந்ததாகச் சொல்வார்கள். ‘நேட்டால் இந்தியன் ஆம்புலன்ஸ் கோர் 1899’ என்று எழுதிய பித்தளைத் தொப்பி பேட்ஜ் ஒன்றை ஒருவர் எங்களுக்கு விற்கப் பார்க்கிறார். மேலே கிரீடம், பின்னால் நீளமான ஸ்லைடர். வாங்கட்டுமா?*
*— வாசகர், டோங்காட்*

வாங்காதீர்கள். காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன், இது நம் ஜனங்களின் சரித்திரம்.

பிரிட்டிஷாருக்கும் டச்சு வம்சாவளிப் போயர்களுக்கும் நடந்த யுத்தத்தில், பிரிட்டிஷ் பக்கம் சுமார் 1,100 பேர் அந்தப் படையில் ஸ்ட்ரெச்சர் தூக்கினார்கள். பெரும்பாலானவர்கள் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். 1899 டிசம்பரில் கொலென்சோவிலும் அடுத்த மாதம் ஸ்பியோன் கோப்பிலும் காயம்பட்டவர்களைச் சுமந்து மைல் கணக்கில் நடந்தார்கள். அவர்களுக்கு அடையாளம் கையில் கட்டிய செஞ்சிலுவைப் பட்டை.

இப்போது படத்தைப் பாருங்கள். கிரீடத்தின் வளைவு நடுவில் பள்ளமில்லாமல் உருண்டு, கவிழ்த்த கிண்ணம் போல் இருக்கிறது. அது 1901க்குப் பிறகு வந்த ராஜாக்களின் கிரீடம், 1952 வரை இருந்தது. 2022க்குப் பிறகு சார்லஸ் மன்னரும் அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டார். 1899இல் சிம்மாசனத்தில் இருந்தது விக்டோரியா ராணி, அவருடைய கிரீடத்தின் மேல்வளைவு இப்படி இராது. அடுத்தது ஸ்லைடர். தொப்பித் துணியில் நுழைக்கும் அந்த நீளத் தகடு 1902இல் போயர் யுத்தம் முடிந்த பிறகு வந்த ஏற்பாடு. அதற்கு முன் பின்னால் இரண்டு வளையக் காதுகள் இருக்கும், அவற்றில் ஊசி செருகுவார்கள். ஆக, மேலிருக்கும் கிரீடமும் பின்னாலிருக்கும் தகடும் 1899க்குப் பொருந்தவில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பெரியாயாவின் டிரங்குப் பெட்டியில் ரிப்பன் இல்லாத பழைய வெள்ளி மெடல் ஒன்று இருக்கிறது என்று. அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அந்த யுத்தத்துக்குக் கொடுத்த மெடல்களின் விளிம்பைச் சுற்றி, பெற்றவரின் பெயரையும் படைப்பிரிவையும் பதித்திருப்பார்கள். துடைக்காமல், மெல்லச் சுழற்றி, லென்ஸ் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். நம் பெயர்களை அவர்கள் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார்கள், அதனால் வாய்விட்டுப் படியுங்கள். படித்ததை அப்படியே எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.