குதிரை பராமரிப்பு படிக்க ஆசைப்படும் மகளை எங்கே சேர்ப்பது?

கேள்வி: மன்னார்குடி அருகே ஒரு கிராமத்தில் நெல்லும் உளுந்தும் பயிரிடுகிறோம். என் தம்பி, குதிரை வண்டிகள் ஓடும் எல்கைப் பந்தயத்துக்காக இரண்டு குதிரைகள் வளர்க்கிறார். அவற்றோடு பழகிய என் மகள் இப்போது பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கிறாள். கல்லூரியில் குதிரை பராமரிப்புதான் படிப்பேன் என்கிறாள். இணையவழிச் சான்றிதழ் படிப்பு ஒன்றையும் இங்கிலாந்துப் பட்டம் ஒன்றையும் காட்டுகிறாள். எதில் சேர்க்கலாம்? பிழைப்புக்கு வழி உண்டா?

பதில்: உங்கள் மகளைக் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் சேருங்கள். குதிரையை அதற்குப் பின்னும், அதனோடு சேர்த்தும் படிக்கலாம். குதிரைக்கென்றே தனியான இளநிலைப் பட்டம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் இல்லை. ஆனால் அதன் உறுப்புக் கல்லூரி ஒன்று உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, ஒரத்தநாட்டில், 2012 முதல் இயங்குகிறது. படிப்புக் காலம் ஐந்தரை ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண் கொண்டே நிரப்புகிறார்கள். நீட் மதிப்பெண் தேவைப்படுவது அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டுமே. அரசுப் பள்ளி மாணவி என்றால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. தேர்வு முடிவு வந்ததும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பொறியியல் கலந்தாய்வோடு இதற்குச் சம்பந்தமில்லை.

ஒன்றை இப்போதே மகளிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பாடத்திட்டத்தில் பசு, எருமை, ஆடு, கோழிக்கே பெரும்பங்கு; குதிரைக்குக் கிடைக்கும் இடம் சிறியது. அதனால்தான் எந்தப் படிப்பானாலும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடச் சொல்கிறேன்: படித்து முடிப்பதற்குள் அவள் எத்தனை குதிரைகளின் குளம்பைத் தூக்கிப் பார்த்திருப்பாள்? இணையவழிச் சான்றிதழ் படிப்பில் ஒன்றைக்கூடப் பார்க்கமாட்டாள். அதற்குக் கட்டும் பணத்தை மிச்சப்படுத்துங்கள். கால்நடைக் கல்லூரியில் அவளாகக் கேட்டு வாங்கினால் நிறையவே பார்க்கலாம். சில கால்நடைக் கல்லூரிகளில் தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவு இருக்கிறது. பயிற்சி ஆண்டில் பந்தய லாயம், இனப்பெருக்கப் பண்ணை, காவல்துறையின் குதிரைப் படை என்று அனுமதி கேட்டுப் போகலாம். கேட்காதவர்களுக்கு அந்த ஆண்டு மாடுகளோடே முடிந்துவிடும்.

மாட்டைத் தெரிந்தவருக்குக் குதிரையும் தெரியும் என்று நம் பகுதியில் நினைக்கிறார்கள். குதிரைகள் சாவதற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம். மாடு அசைபோடும், குதிரை அசைபோடாது, வாந்தியும் எடுக்காது. நல்ல உயரமான குதிரைக்கே இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். திறந்தவெளியில் விட்டால் ஒரு நாளில் சுமார் 16 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும் உயிர் அது. கோடியக்கரை சரணாலயத்தில் காட்டுத்தனமாகத் திரியும் மட்டக்குதிரைகளை மகள் ஒரு முழுப் பகல் தூரத்திலிருந்து கவனிக்கட்டும். வனத்துறையின் அனுமதியோடு போங்கள். கிட்டே போவதும் தீனி கொடுப்பதும் கூடாது. குதிரையின் வயிறு எப்படி வேலை செய்யும்படி அமைந்தது என்பது அங்கே கண்ணால் பார்த்தே புரியும். அதை விட்டுவிட்டு இரண்டு வேளை தொட்டி நிறையத் தீனி வைத்தால் வயிற்றுவலி வரும்; குதிரையைப் பொறுத்தவரை வயிற்றுவலி உயிர்போகும் நோய்.

டெல்டாவின் தீவனமே இங்கே பெரிய சிக்கல். நம்மிடம் இருப்பவை வைக்கோல், தவிடு, வீரிய ஒட்டுப் புல்லான கம்பு நேப்பியர். மூன்றும் மாட்டுக்குப் பழகிய தீவனங்கள். வைக்கோலில் மணற்சத்து அதிகம், புரதம் குறைவு. அதையே முக்கியத் தீனியாக்கினால் பெருங்குடலில் அடைத்துக்கொள்ளும். மழையில் நனைந்து பூசணம் பிடித்த போர் என்றால் குதிரைக்கு மூச்சிரைப்பும் சேர்ந்து வரும். தவிட்டில் சுண்ணாம்புச்சத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கிறது; அது சுண்ணாம்புச்சத்து உடலில் சேருவதைத் தடுக்கும். நேப்பியரில் ஆக்சலேட் இருக்கிறது. மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு நுண்ணுயிர் நொதிப்பு நடப்பது பெருங்குடலில். சுண்ணாம்புச்சத்து உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னால் இருக்கும் சிறுகுடலில். ஆக்சலேட்டோடு ஒட்டிக்கொண்ட சுண்ணாம்பு அப்படியே சாணத்தில் போய்விடும். தவிடும் நேப்பியரும் மட்டுமே தின்னும் குதிரை, குறையை ஈடுகட்டத் தன் எலும்பையே கரைக்கும். காரணம் தெரியாமல் நொண்டுவதும், முகத்தின் இருபுறமும் எலும்பு வீங்குவதும் இதனால்தான். உங்கள் தம்பியின் குதிரைகளுக்கு முகம் புடைத்திருக்கிறதா என்று இன்றே தடவிப் பாருங்கள்.

மாற்று நம் வரப்பிலேயே இருக்கிறது. அறுகம்புல் குதிரைக்கு மிக நல்ல மேய்ச்சல். மருந்து அடித்த வயலின் வரப்பில் மட்டும் அறுக்காதீர்கள். சுண்ணாம்புச்சத்து மிகுந்த குதிரைமசாலைச் சேர்க்கலாம். தண்ணீர் தேங்கும் நம் களிமண்ணில் அது அழுகிவிடும் என்பதால் மேட்டு நிலத்தில் பாத்தி கட்டிப் போடுங்கள். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு நாலரை முதல் 6 கிலோ வரை உலர்ந்த புல்லின் அளவுக்கு நார்த்தீனி வேண்டும். அதை நாலைந்து வேளையாகப் பிரித்து வையுங்கள். கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மிகாமல் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். கோடையில் கடலோரப் புழுக்கத்தில் வியர்க்காமல் மூச்சு வாங்கும் குதிரையை அன்றைக்கு ஓட்டக்கூடாது. வியர்வை நின்றுபோவது ஒரு நோய், உடனே நிழலில் கட்டித் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும்.

தீனிக்கு அடுத்தது குளம்பு. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டில் சேறாகக் கிடந்தால் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாற்றமெடுக்கும். தரையை மேடாக்குங்கள், தினமும் குளம்பைத் தூக்கிக் கொக்கியால் சேற்றை எடுக்க உங்கள் மகள் கற்றுக்கொள்ளட்டும். லாடம் அடிப்பவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மாட்டுக்குப் பழகியவர்கள். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, பிளந்த குளம்புக்கு இரண்டு துண்டாக லாடம் வைப்பார்கள். குதிரை நின்றபடியே காலைக் கொடுக்க வேண்டும். ஆணி உணர்ச்சியில்லாத வெளிச்சுவருக்குள் மட்டும் போக வேண்டும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் செதுக்கி, மறுபடி அடிக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாக வந்த அரபுக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போனதையும், அவற்றைப் பேணவோ லாடம் அடிக்கவோ தெரிந்தவர் இங்கே இல்லாததையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அந்தக் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை. குளம்பை நன்றாகத் தெரிந்த ஒரு மருத்துவர் டெல்டாவில் உருவானால் பட்டுக்கோட்டை முதல் காரைக்கால் வரை அவரைத் தேடி வருவார்கள்.

பிழைப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுப் பந்தயத் திடல்களை மட்டும் நம்பித் திட்டமிடாதீர்கள்; 2024இல் உதகை, கிண்டி இரண்டு இடங்களின் நிலத்தையும் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. பெங்களூரு, மைசூரு, புனே பக்கம் வேலை இருக்கிறது. இராணுவத்தின் குதிரை மற்றும் கால்நடை மருத்துவப் பிரிவு கால்நடை மருத்துவர்களை அதிகாரிகளாக எடுக்கிறது. இப்போது பெண்களையும் சேர்க்கிறார்கள். அதன் பயிற்சிக் கல்லூரி மீரட்டில் உள்ளது. ஆராய்ச்சியில் மனம் இருந்தால் ஹிசாரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இவற்றில் எதுவும் உடனே அமையாவிட்டாலும், கையில் இருக்கும் பட்டம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் செல்லும் என்பது விவசாயக் குடும்பத்துக்குப் பெரிய பாதுகாப்பு.

இங்கிலாந்தின் ஹார்ட்பரி, அயர்லாந்தின் லிமெரிக் போன்ற பல்கலைக்கழகங்களின் குதிரை அறிவியல் பட்டங்கள் தரமானவை. வகுப்பறைக்குப் பக்கத்திலேயே லாயம் இருக்கும். ஆனால் அந்தப் பட்டம் அவளை மருத்துவர் ஆக்காது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி இங்கே பதிவுபெற்ற மருத்துவர்தான் கால்நடை மருத்துவத் தொழில் செய்யலாம். நிலத்தை அடகு வைத்து அனுப்பிவிட்டு, திரும்பி வந்த பிள்ளை ஊசி போட உரிமையில்லாமல் நிற்கும் நிலை வேண்டாம். கால்நடை மருத்துவம் முடித்தபின் உதவித்தொகையோடு மேற்படிப்புக்குப் போவது வேறு. அதற்கு மனதார ஆதரவு கொடுங்கள்.

விண்ணப்பத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, சித்தப்பாவின் இரண்டு குதிரைகளுக்கும் தினமும் காலையில் நாடி, மூச்சு, உடல்வெப்பம் மூன்றையும் குறிக்கச் சொல்லுங்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பம் 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட். கொட்டிலுக்குள் அவளை விடுவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். குதிரைகளுக்கும் அவளுக்கும் ரணஜன்னித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கிளாண்டர்ஸ் நோய் குதிரையிலிருந்து மனிதருக்குப் பரவும், உயிரையும் எடுக்கும்; அதற்கான இரத்தப் பரிசோதனைக்கு உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சொல்லி மாதிரி எடுக்கச் செய்யுங்கள். பந்தயத்துக்கு வெளியூர் போய்வரும் குதிரைகள் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.