வாசகர் கேள்வி-பதில்: ‘உக்கே’ என்றால் தடுப்பதா, ஏற்பதா?

கேள்வி: கராத்தே வகுப்பில் ‘அகே உக்கே’ என்பதற்கு ‘மேல் தடுப்பு’ என்று பொருள் சொல்லித் தருகிறார்கள். அது பிழை என்கிறார் நண்பர் ஒருவர். எது சரி? (வாசகர், ஈரோடு)

பதில்: நண்பர் சொல்வதே சரி. ‘உக்கே’ என்பது ‘உக்கேரு’ என்னும் ஜப்பானிய வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல். பெறுதல், ஏற்றல் என்பதே அவ்வினையின் பொருள். தொலைபேசி அழைப்பை ஏற்பதற்கும் தேர்வு எழுதுவதற்கும் ஜப்பானியர் அன்றாடம் ஆள்வது இதே வினைதான். ‘அகே’ என்றால் உயர்த்துதல். ஆகவே ‘அகே உக்கே’ என்பதை ‘உயர்த்தி ஏற்றல்’ எனலாம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அந்த அசைவை ஒருமுறை மெதுவாகச் செய்து பாருங்கள். முதலில் ஒரு கை முகத்துக்கு முன்னே மேலெழுகிறது. அடுத்து மற்றக் கை அதைக் குறுக்கே கடந்து, முன்கை சுழன்றபடியே நெற்றிக்கு மேலே செல்ல, முதற்கை இடுப்புக்குத் திரும்பிவிடுகிறது. தடுப்பு என்று மட்டும் எண்ணுபவருக்கு அந்த முதற்கையின் வேலை விளங்காது. அதை அணிசெய்யும் அசைவாகக் கருதி அவசரமாகக் கடந்துவிடுவார். ஏற்றல் என்று எண்ணுபவருக்கோ, வரும் குத்தை முதலில் தொட்டு வாங்குவது அந்தக் கைதான் என்பதும், பின்னே எழும் முன்கை அதை வழிமாற்றி விடுகிறது என்பதும் புரியும். இடுப்புக்குத் திரும்பும் கைக்கு ‘ஹிக்கித்தே’, அதாவது இழுக்கும் கை என்று பெயர். எதை இழுக்கிறது என்று கேட்டால், பற்றிய எதிராளியின் மணிக்கட்டையோ சட்டைக்கையையோ என்று கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவின் ஆசிரியர் பலர் விளக்குவார்கள். பயிற்சியின் தொடக்க ஆண்டுகளில் என் முன்கை எப்போதும் கன்றிப்போயிருக்கும். தடுப்பதாக நினைத்துக்கொண்டு எலும்பால் எலும்பை மோதிக்கொண்டிருந்தேன். சொல்லின் பொருளைச் சரியாக அறிந்த பிறகே அந்தக் கன்றல் மறைந்தது.

கேள்வி: ‘முச்சிமி’, ‘சின்குச்சி’, ‘கமக்கு’ ஆகிய சொற்களை ஜப்பானிய அகராதியில் தேடினேன், கிடைக்கவில்லை. இவை எந்த மொழி? (வாசகி, கும்பகோணம்)

பதில்: இவை ஒகினாவா மொழிச் சொற்கள். 1879ஆம் ஆண்டில் ஜப்பான் தன் மாவட்டமாக்கி இணைத்துக்கொள்ளும்வரை ஒகினாவா, ரியூக்கியூ என்னும் தனி அரசாக இருந்தது. ‘உச்சினாகுச்சி’ என்று அம்மக்கள் அழைக்கும் அவர்கள் மொழி, ஜப்பானிய மொழிக்கு உடன்பிறந்ததே அன்றி அதன் கொச்சை வடிவம் அன்று. இணைப்புக்குப் பின், பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகளின் கழுத்தில் மரப்பலகையைத் தொங்கவிட்டுத் தண்டித்த காலமும் இருந்தது. அழியும் நிலையிலுள்ள மொழிகளின் பட்டியலில் 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதைச் சேர்த்தது. அப்படிப்பட்ட மொழியின் சில சொற்கள் இன்று உலகெங்கும் பயிற்சிக்கூடங்களில் ஒலிப்பதை எண்ணும்போது, அவற்றைப் பொருளறிந்து சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானிய ‘எ’ பெரும்பாலும் ஒகினாவாவில் ‘இ’ ஆகும். ‘ஒ’ என்பது ‘உ’ ஆகும். கை என்னும் பொருளுடைய ‘தே’ அங்கே ‘தீ’. பசையரிசியை இடித்துச் செய்யும் ‘மொச்சி’ என்னும் பண்டம் அங்கே ‘முச்சி’. அந்த மாவின் ஒட்டும் தன்மையை நினைவூட்டும் சொல்லே முச்சிமி. எதிராளியின் கையைத் தொட்டபின் விலகாமல், கனத்துடன் ஒட்டிக்கொண்டே அவர் அசைவைத் தொடர்வதை அது குறிக்கும். இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்து மாறி மாறித் தள்ளியும் இழுத்தும் செய்யும் ‘காக்கியே’ பயிற்சியில் இதை விரைவாக உணரலாம்.

கமக்கு என்பது இடுப்பெலும்புக்கு மேலே, விலாவுக்குக் கீழே உள்ள பக்கப்பகுதி. “கமக்கை உள்ளே இடு” என்று ஆசிரியர் சொன்னால், அந்தப் பகுதியை இறுக்கி, உடலின் கனத்தைக் கீழே நிலைநிறுத்தவேண்டும் என்று பொருள். சின்குச்சி என்பது, அடி படும் கணத்தில் மட்டும் மூட்டுகளும் தசைகளும் ஒருசேரப் பூட்டிக்கொள்வது. குத்து கிளம்பும்போதே உடலை இறுக்கிக்கொள்வது சின்குச்சி ஆகாது.

கேள்வி: கராத்தே என்றால் ‘வெறுங்கை’ என்பது தொடக்கத்திலிருந்தே உள்ள பொருளா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை. முன்பு ‘சீனக் கை’ என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதி, ஒகினாவாவில் ‘தோதீ’ என்றும் சொல்லிவந்தார்கள். சீனாவின் தாங் அரசமரபைக் குறிக்கும் எழுத்தையும், வெறுமையைக் குறிக்கும் எழுத்தையும் ஜப்பானியத்தில் ‘கரா’ என்றே படிக்கலாம் என்பதால், ‘கராத்தே’ என்னும் ஒலி அப்படியே இருக்க எழுத்து மட்டும் மாறியது. ஒகினாவாவின் கராத்தே ஆசிரியர் ஹனாஷிரோ சோமோ 1905ஆம் ஆண்டிலேயே ‘வெறுங்கை’ எழுத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். 1936ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று நாஹா நகரில் கூடிய ஆசிரியர்கள் அதை ஏற்றார்கள். அந்த நாளைத்தான் ஒகினாவா மாவட்டம் இன்று கராத்தே நாளாகக் கொண்டாடுகிறது.

கேள்வி: உதை என்பதற்கு ஒருவர் ‘கெரி’ என்று வல்லொலியாகவும் மற்றொருவர் மெல்ல ஒலித்தும் சொல்கிறார்களே? (வாசகி, மதுரை)

பதில்: இரண்டும் சரியே. தனியே நிற்கையில் வல்லொலி. ‘மாயெ’ (முன்) என்பதோடு சேர்ந்து ஒரே சொல்லாகும்போது அது நம் ‘பகல்’ என்பதன் ககரம்போல் ஒலிக்கும். தமிழில் சொல்லின் முதலில் ஒருவிதமாகவும் இடையில் வேறுவிதமாகவும் ஒலிக்கும் ககரம் இருப்பதால், ‘கெரி’ என்றும் ‘மாயெகெரி’ என்றும் ஒரே எழுத்தால் எழுதினாலே நமக்கு உச்சரிப்பு தானாக அமைந்துவிடும். இந்த மாற்றம் எல்லாச் சொற்களிலும் நிகழ்வதில்லை. ‘கராத்தே’, ‘குமித்தே’ (இருவர் மோதிப் பழகும் பயிற்சி) ஆகியவற்றில் ‘தே’ வல்லொலியாகவே நிற்பதால்தான் அங்கே ‘த்’ இட்டு எழுதுகிறோம்.