கேளுங்கள், சொல்கிறோம்: 41 பெரிதா, 14 பெரிதா?

கேள்வி: என் மகள் பயோகெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு பி.எச்டி.க்கு கைடு தேடுகிறாள். இரண்டு பேராசிரியர்கள் சேர்த்துக்கொள்ளத் தயார். ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 41, இன்னொருவருக்கு 14. பெரிய எண் உள்ளவரிடமே சேரச் சொல்லிவிடலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. எச்-இண்டெக்ஸ் 41 என்றால், அவர் பெயர் உள்ள கட்டுரைகளில் 41 கட்டுரைகள் மற்ற ஆய்வுக் கட்டுரைகளில் தலா 41 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு இது. ஆள் ஆய்வையே நிறுத்திவிட்டாலும் பழைய கட்டுரைகளால் இந்த எண் ஏறிக்கொண்டிருக்கும், அதனால் ஓய்வு பெறப்போகிறவரின் 41ஐயும் சில வருடம் முன்பு லேப் தொடங்கியவரின் 14ஐயும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. துறையையும் பாருங்கள். புற்றுநோய் ஆய்வில் உலகம் முழுக்கக் கூட்டம், அரிய ஒட்டுண்ணி ஒன்றை ஆராய்கிறவரை மேற்கோள் காட்ட ஆளே குறைவு.

அப்புறம், இரண்டு எண்ணும் ஒரே இடத்தில் எடுத்தவைதானா? ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர், தீசிஸ், ப்ரீபிரின்ட் (இதழில் வருமுன் இணையத்தில் போடும் கட்டுரை) எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் அதே ஆளுக்குப் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும்.

மகளை இருவரின் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளைத் திறந்து பெயர் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். உயிர்மருத்துவத் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்த மாணவருடையது, கடைசிப் பெயர் லேப் தலைவருடையது. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் கட்டுரையில் நடுவில் எங்கோ பெயர் இருந்தாலும் மேற்கோள் முழுசாக அவர் கணக்கில் ஏறிவிடும். 14 உள்ளவரின் மாணவர்கள் முதல் பெயராக வந்து, காலத்தோடு பட்டம் வாங்கி நல்ல இடங்களுக்குப் போயிருந்தால் நான் அவரிடம்தான் அனுப்புவேன். பழைய மாணவர் ஒருவரிடம் போனில் பேசினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கேள்வி: அதிகமாக மேற்கோள் காட்டப்படும் மருத்துவக் கட்டுரைதானே பெரிய கண்டுபிடிப்பாக இருக்க முடியும்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: அப்படி இல்லை. உலகிலேயே அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டதாக 2014இல் கணக்கிட்ட கட்டுரை, ஆலிவர் லௌரியும் உடன் ஆய்வாளர்களும் 1951இல் எழுதியது. 3 லட்சம் முறைக்கு மேல். ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு என்று அளக்கும் முறையைச் சொல்கிறது, எல்லா லேபிலும் தேவைப்பட்டது, எல்லோரும் குறிப்பிட்டார்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன கட்டுரை அந்த முதல் நூறிலேயே இல்லை.

இதற்கு நேர்மாறாக, கல்கத்தாவின் மருத்துவ ஆய்வாளர் சம்பு நாத் டே கதையைத்தான் நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். காலரா கிருமியை வளர்த்த திரவத்திலிருந்து கிருமியை முழுக்க வடிகட்டி எடுத்துவிட்டு, அந்தத் திரவத்தை மட்டும் முயலின் குடலில் செலுத்திப் பார்த்தார். குடலில் நீர் கோத்தது. கிருமி வெளியிடும் ஒரு நச்சுதான் குடலை நீரைக் கொட்ட வைக்கிறது என்பதற்குக் கையில் பிடித்த சான்று அது. 1959இல் நேச்சர் என்ற புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளியானது. நேச்சரில் வந்தும் ஆரம்பத்தில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, வெறும் மேற்கோள் எண்ணை வைத்து அன்றைக்கு யாராவது மதிப்பிட்டிருந்தால் டே தேறியிருக்க மாட்டார். பிற்பாடு அதுவே காலரா ஆய்வின் மைல்கல் என்று எழுதியவர் வேறு யாருமல்ல, மேற்கோள்களை எண்ணும் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸைத் தொடங்கிய யூஜின் கார்ஃபீல்டு. எழுதியது 1986இல். டே 1985இலேயே காலமாகிவிட்டார். உயிரோடு இருந்தவரை நம் நாட்டு அறிவியல் அகாடமிகள் அவரை உறுப்பினராக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

கேள்வி: இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 10 என்றால், அதில் வந்த என் கட்டுரைக்கும் அந்த மதிப்பு உண்டா?
- ஆய்வு மாணவர், கோவை

பதில்: கிடையாது. முந்தைய இரண்டு வருடங்களில் அந்த இதழில் வந்த கட்டுரைகளுக்கு ஒரு வருடத்தில் கிடைத்த மேற்கோள்களின் சராசரி அது. சில கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வாங்கிச் சராசரியை ஏற்றிவிடும், மீதியில் பல ஒன்றிரண்டோடு நிற்கும். தனி ஆளை எடைபோட இந்த எண்ணை எடுக்காதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் பிரகடனமே தயாரித்தார்கள். நேர்காணலில் கேட்டால், உங்கள் கட்டுரையை யார், எதற்காக எடுத்தாண்டார்கள் என்பதைச் சொல்லுங்கள்.